எரும கட்டுன செவுத்துல ஓடுன ரயிலு

எங்க ஊட்டுல புள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு ரூமு வந்தது எருமைங்க போனதுக்கு அப்புறந்தான். ஆனா கத எருமையில ஆரம்பிக்கல, ஆவடி குவாட்டர்ஸுல நான் பாத்த ஒரு செவுத்துல ஆரம்பிக்குது. அங்கேர்ந்து சொன்னாத்தான் நேரா போவும். போவும்னு சொல்றேன், போவுமான்னு தெர்ல. நான் சொல்ல சொல்ல எழுதிகினு கீற என் பேத்தி இப்பவே சிரிக்கிறா.

அப்போ எனுக்கு பால் யாவாரம். அம்பத்தூரு பக்கம் கள்ளிக்குப்பத்துல ஊடு, பின்னால கொட்டா, கொட்டாயில நாலு எரும. சைக்கிள்ல ரெண்டு பக்கமும் கேனு மாட்டிகினு ஆவடி வரைக்கும் போவேன். பாக்டரில வேல செய்றவங்க குவாட்டர்ஸு. வெளிய பாத்தா எல்லாம் ஒரே அச்சுல வார்த்த ஊடு, ஒரே மஞ்ச சுண்ணாம்பு. கதவ தொறந்தா ஒவ்வொரு ஊட்டுக்குள்ளயும் ஒரு ஊரு. ஒரு ஊட்டுல மதுர பேச்சு, பக்கத்துல திர்நெல்வேலி, மாடில கோயமுத்தூரு. அந்த கோயமுத்தூரம்மா சொம்ப நீட்டிகினே, "ஏனுங்க, தண்ணிய கொஞ்சம் கொறச்சு ஊத்தலாமுங்களே"ம்பாங்க. அத்தினி மரியாதையா என்ன யாருமே திட்டுனது இல்ல. மறுநாளே தண்ணிய கொறச்சிட்டேன்.

திர்நெல்வேலியம்மா ஊட்டுலதான் அந்த செவுரு. ஒரு நாளு பால் ஊத்தும்போது உள் ரூமு கதவு தொறந்து கெடந்துச்சி. ரெண்டு பசங்க ஸ்டூலு மேல ஏறி நின்னுகினு செவுத்துல கலரு சாக்பீஸுல படம் போட்டுகினு கீதுங்க. மரம், மீனு, மூணு கால் நாயி.

"இன்னாமா, கவருமெண்ட்டு செவுத்துல இப்டி கிறுக்குதுங்க, பாத்துகினு கீறீங்க?"

"கிறுக்கட்டும் அண்ணாச்சி. அது அதுங்க ரூமுல்லா. காலி பண்ணுதப்போ ஒரு சுண்ணாம்பு அடிச்சாப் போச்சி. தன் கையால ஏதாச்சும் செஞ்சாத்தான் தன் எடம்னு நெனச்சி ஒறங்குதுங்க."

கேன மாட்டிகினு சைக்கிள் மிதிச்சேன். எங்க ஊட்டுல மூணு புள்ளைங்களும் எங்க தூங்குதுங்கன்னு யோசிச்சி பாத்தேன். பெரிய பொண்ணு சமைக்கிற எடத்துல அம்மா பக்கத்துல. பையன் கட்டிலுக்கு கீழ. சின்னது எங்க தூக்கம் வருதோ அங்க.

அப்பால பாக்கெட்டு பாலு வந்து ஊடு ஊடா பூந்துச்சி. நானும் எருமைங்கள ஒண்ணு ஒண்ணா வித்துட்டு அம்பத்தூரு எஸ்டேட்டுல ஒரு கம்பெனியில வாச்சுமேன் வேலைக்கு பூட்டேன். நாலு எருமைய பாத்துகினு இருந்தவனுக்கு ஒரு கேட்ட பாத்துக்கறது பெரிய வேலையா? கேட்டு ஒதைக்காது, வாலால மூஞ்சில அடிக்காது. கடைசியா மிஞ்சுனது ஒரு கெழட்டு எரும. சாதுவான எரும, ஆனா ரோஷக்காரி. யாராச்சும் "போடி கருவாச்சி"ன்னா ரெண்டு வேள பால் குடுக்க மாட்டா. மாங்காட்டுலேர்ந்து ஒருத்தரு வந்து அதையும் ஓட்டிகினு போனாரு.

பேத்தி சொல்றா, எருமைய வுட்டுட்டு ரூமுக்கு வா தாத்தான்னு. வந்துட்டேன்.

கொட்டாய மூணு பக்கமும் செங்கல் வெச்சி ஏத்துனேன். நாலாவது பக்கம் ஏற்கெனவே கட்டுன செவுரு. அதுலதான் எரும கட்டுற இரும்பு வளையம் பதிச்சி இருந்துச்சி. மேல சிமெண்ட்டு ஷீட்டு, கீழ சிமெண்ட்டு தரை. கழனி தண்ணி தொட்டிய இடிக்க மேஸ்திரி எவ்ளோவோ அடிச்சி பாத்தாரு. எங்கப்பா காலத்துல கட்டுனது, அசையல. அப்டியே வுட்டுட்டாரு. எத்தினி தபா பினாயில் ஊத்தி கழுவுனாலும் மழ பெஞ்சா ரூமுல சாணி வாசன வரும். புள்ளைங்களுக்கு அது ஒரு வாசனையாவே தெரியல.

விறகு அடுக்கலாம்னு பாத்துகினு இருந்தா என் ஊட்டுக்காரி. ரூமு புள்ளைங்களுக்குன்னு நான் சொன்னதும் இடுப்புல கைய வெச்சிகினா.

"இன்னாய்யா இது? நாலு எருமைய ஓட்டிட்டு மூணு எருமைய கட்டப் போறியா?"

"தலைக்கு ஒரு செவுரு. அதுங்களே இன்னா வேணா அடிச்சிக்கட்டும். கதவு கீற செவுரு உன்து, காலண்டரு மாட்டிக்கோ."

"எனுக்கு ஒரு செவுரு குடுத்த மகராசா"ன்னு உள்ள போனா. ஆனா அன்னைக்கு சாயங்காலமே அவதான் கடைக்கு போயி சுண்ணாம்பு, அதுல கலக்குற வஜ்ர பசை, கலரு பொடி பொட்டலம் எல்லாம் வாங்கிகினு வந்தா.

அது எலெக்‌ஷன் நேரம். எலெக்‌ஷன் வந்தா எங்க பக்கம் செவுரு வெச்சிகினு கீறவன் பாடு பேஜாரு. விடியங்காட்டியும் கட்சிக்காரங்க வந்து வெள்ள அடிச்சிட்டு, கட்சி பேரு போட்டு, முன்பதிவுன்னு எழுதி, இந்த வருசத்துலேர்ந்து அந்த வருசம் வரைக்கும்னு போட்டுட்டு பூடுவாங்க. அதுக்கு அப்பால அந்த செவுத்த வேற கட்சிக்காரன் தொட மாட்டான். தொட்டா அடிதடிதான். ஊட்டுக்காரன யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க.

என் பையன் இத பாத்து வளந்தவன். சுண்ணாம்பு காயறதுக்குள்ள கரித்துண்ட எடுத்து அவன் செவுத்து மூலையில இன்னாவோ எழுதுனான். எனுக்கு எழுத்து தெரியாது. சின்ன பொண்ணு எழுத்துக்கூட்டி படிச்சா. அவன் பேரு, கீழ முன்பதிவு, அதுக்கு கீழ அந்த வருசத்துலேர்ந்து அஞ்சு வருசம்.

"ஊட்டுக்குள்ள எதுக்குடா வருசமெல்லாம்?"

"வருசம் போடலன்னா செல்லாது நைனா."

அவன் செவுத்துல மேல ஒரு கலரு, கீழ ஒரு கலரு. இன்னா கலருன்னு சொல்ல மாட்டேன், எங்க தெருவுல எல்லா கட்சிக்காரங்களும் கீறாங்க. பையனுக்கு கட்சியும் தெரியாது ஒண்ணும் தெரியாது, பொட்டலத்துல அந்த ரெண்டுதான் நெறைய இருந்துச்சி. ஜன்னல் வழியா அத பாத்த ஒரு கட்சிக்காரரு மறுநாளு காலையில வந்து என் கைய புடிச்சி குலுக்குனாரு. "அண்ணாத்தே, ஒரு வார்த்த சொல்லவே இல்லியே!" நான் டீ குடுத்து அனுப்புனேன். சாயங்காலம் வேல வுட்டு வந்து பாத்தா வாசல்ல கொடி கட்டி கீது. என் ஊட்டுக்காரி அத அவுத்து கரித்துணி ஆக்கிட்டா.

சின்னது ரெண்டு கையையும் நீலத்துல முக்கி, எட்டுன வரைக்கும் செவுரு பூரா பச்சக் பச்சக்னு கைய பதிச்சிது. கை பத்தலன்னு காலையும் பதிச்சிது. தொட்டிக்குள்ள கிழிஞ்ச பொடவைய போட்டு, பொம்மைய வெச்சி, அதுவும் உள்ள குந்திகிச்சி. "தொட்டி எனுக்கு, முன்பதிவு"ன்னுச்சி. வருசம் போடல. அதுக்கு அப்போ வருசம் எழுத வராது.

பெரிய பொண்ணு வளையம் கீற செவுத்த கேட்டு வாங்கிகினா. பத்தாவது முடிச்சிட்டு ரயிலு டேசன் பக்கத்துல டைப்பு அடிக்க கத்துகினு இருந்தா. வாய் பேசாது, கை பேசும். தம்பிக்கு கலரு கரச்சி குடுத்தது அவதான், தங்கச்சி கைய மண்ணெண்ண போட்டு தொடச்சி வுட்டதும் அவதான். அவ செவுத்துக்கு மூணு பூச்சு வெள்ள அடிச்சா. கண்ணு கூசும், அப்டி வெள்ள. அதோட நிறுத்திட்டா.

"இன்னாமா, ஒண்ணும் போடலியா?"

"போடலாம் நைனா."

பத்து பாஞ்சி நாளாச்சி. பொங்கலும் பூட்டுது. போடலாம் நைனா, போடலாம் நைனான்னே சொல்லிகினு இருந்தா.

எங்கக்கா அடுத்த தெரு. எதுனா நல்லது நடந்தா மோப்பம் புடிச்சி வந்துடும். வெள்ள அடிக்கும்போதும் வந்துச்சி. வெத்தலைய கொதப்பிகினு ரூமு பூரா சுத்தி பாத்துட்டு பெரியவகிட்ட நின்னுச்சி. "நீ இன்னாத்துக்குடி இத்தினி பூச்சு பூசுற? இன்னும் ரெண்டு வருசம். உன் செவுரு எந்த ஊருல கீதோ, எவன் கட்டி வெச்சினுகீறானோ!" அக்கா பேசுனா அப்டித்தான், உள்ள ஒண்ணும் இருக்காது. அதுக்கு அப்பாலதான் பொண்ணு சுண்ணாம்பு அடிக்கிற மட்டைய கீழ வெச்சான்னு என் ஊட்டுக்காரி சொல்லித்தான் எனுக்கு தெரியும்.

"நீ ஏன் எங்கிட்ட மொதல்ல சொல்லல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? உங்கக்காவாண்ட போயி சண்ட போடுவியா? அது சொன்னதுல பொய் இன்னா கீது? நானும் எங்கப்பா ஊட்டுல ஒரு செவுத்தயா வுட்டுட்டு வந்தேன்? ஒரு ஆணி கூட என் பேர்ல இல்ல."

நாஸ்டா துண்ணுட்டு வேலைக்கு பூட்டேன்.

அதுக்குள்ள பையன் வேலைய காட்டிட்டான். காலியா கெடக்குற செவுத்த எந்த கட்சிக்காரன் வுடுவான்? அவங்கக்கா செவுத்து ஓரத்துல கரியால அவன் பேர எழுதி முன்பதிவு போட்டுட்டான். பெரியவ பாத்தா. சண்ட போடுவான்னு பாத்தேன். எதுனா தூக்கி அடிச்சாக்கூட எனுக்கு சந்தோசமா இருந்துருக்கும். அவ, "எழுதிக்கோ, அப்பால உனுக்குத்தானே"ன்னா. பையனுக்கே ஒரு மாரியா பூட்டுது. தானே ஈரத்துணி எடுத்தாந்து அழிச்சிட்டான்.

இந்த நேரம் பாத்துதான் எரும வந்துச்சி.

ஞாயித்துக்கெழம காலையில பின்னால சத்தம். போயி பாத்தா மாங்காட்டுக்கு வித்த கெழட்டு எரும, கழுத்துல அறுந்த கயித்தோட நிக்குது. புது கதவாண்ட வந்து, தலைய மட்டும் ரூமுக்குள்ள வுட்டு, வளையத்தயே பாத்துகினு கீது. கால் வெக்க சந்தேகம், தரை வழுக்குது. சின்னது தொட்டிக்குள்ளேர்ந்து எழுந்து நின்னு, "நைனா, இது தொட்டிய கேக்க வந்துகீது! குடுக்க மாட்டேன்னு சொல்லு!"ன்னு கத்துச்சி.

கொஞ்ச நேரத்துல மாங்காட்டுக்காரரு சைக்கிள்ல வேர்க்க வேர்க்க வந்தாரு. "இன்னாய்யா எரும வித்த? எங்கூட்டுல இருக்க மாட்டேன்னுது. குமணன்சாவடி ஜங்சன்ல நட்ட நடுவுல நின்னுகினு, பெங்களூரு லாரியெல்லாம் வரிசையா நிக்குது. ஆரன் அடிக்கிறாங்க, அசையவே இல்ல. ஒருத்தன் இறங்கி திட்டுனான், அதுக்கு அப்பால சுத்தமா குந்திகிச்சி."

"கருவாச்சின்னு சொன்னானா?"

"ஆமா, உனுக்கு எப்டி தெரியும்?"

நான் புதுசா ஒரு கயிறு எடுத்தேன். கூடவே நடந்து போயி வுட்டா இருக்கும்னு அவர்கிட்ட சொல்லி, எரும கழுத்துல போட்டுகினு இருந்தேன். பெரியவ தவுடு கலந்த கழனி தண்ணி எடுத்தாந்து எரும மூஞ்சிகிட்ட வெச்சா. அதும் நெத்திய தடவிகினே, என்ன பாக்காம சொன்னா.

"பாவம் நைனா. வித்தாச்சின்னு அதுக்கு யாரும் சொல்லல. அதும் ஊடுன்னு வந்துடுச்சி. நீ கயிறு போட்டு திரும்ப இட்டுகினு போற." வாளிய எரும பக்கம் இன்னும் தள்ளி வெச்சா. "நாளைக்கு எனுக்கும் அதானே?"

மாங்காட்டுக்காரரு சைக்கிள் செயின பாத்தாரு. எனுக்கு கயித்து முடிச்சி போட வர்ல. பொறந்ததுலேர்ந்து போடுற முடிச்சி.

எருமையோட மாங்காடு வரைக்கும் நடந்தேன். அது மெதுவாத்தான் நடக்கும், நானும் மெதுவாத்தான் நடக்குற ஆளு. வழி பூரா அந்த ஒரு பேச்சுதான் காதுல. மாங்காட்டுல அவரு ஊட்டு கொட்டாய பாத்தேன், நம்ம கொட்டாய விட நல்லா இருந்துச்சி, பக்கத்துல குட்ட வேற. எரும குட்டைய பாத்துட்டு என்ன வுட்டுட்டு எறங்கி பூட்டுது. அதுக்கு ஒரு குட்ட போதும். புள்ளைக்கு?

திரும்பி வரும்போது குமணன்சாவடியில டீ குடிக்க நின்னேன். எதிர்ல ஒருத்தரு ஏணி போட்டுகினு செவுத்துல கட்சி வெளம்பரம் எழுதிகினு இருந்தாரு. எழுத்து தெரியாதவனுக்குக்கூட பாக்க அழகா இருக்கும், அப்டி வளைவு. டீ குடிக்க எறங்குனாரு. பேச்சு குடுத்தேன்.

"அண்ணாத்தே, முன்பதிவு போடுறீங்களே, கடைசி வருசம் போடாம எழுத முடியுமா?"

"எழுதலாம். யாரு தடுக்குறா? ஆனா வேற கட்சிக்காரன் வந்தா செவுத்துக்கு முன்னாடி நிக்க ஆளு ஓணும்."

"நான் நிப்பேன்."

"நீ எந்த கட்சி?"

"எம் பொண்ணு கட்சி."

அவரு ஒரு தபா என்ன மேலயும் கீழயும் பாத்தாரு. அப்பால இன்னா நெனச்சாரோ, ஒரு கொட்டாங்குச்சியில மிச்சம் இருந்த கருப்பு கலர ஊத்தி குடுத்தாரு. பஸ்ஸுல அத சிந்தாம புடிச்சிகினு வரதுக்குள்ள என் வேட்டி, பக்கத்துல குந்தினு இருந்தவரு வேட்டி, ரெண்டும் கட்சி மாறிடுச்சி.

ஊட்டுக்கு வந்து கொட்டாங்குச்சிய பெரியவ கையில குடுத்தேன்.

"எழுதுமா. உம் பேரு போடு. முன்பதிவு போடு. இந்த வருசத்துலேர்ந்துன்னு போடு. கடைசி வருசம் போடாத."

பையந்தான் குறுக்க வந்தான். "கடைசி வருசம் போடலன்னா செல்லாது நைனா!"

"இந்த ஊட்டுல செல்லும்டா. யாராச்சும் தொட்டா நான் செவுத்துக்கு முன்னாடி நிப்பேன்."

"நின்னா போதும், அந்த தொப்பைக்கு செவுரே தெரியாது"ன்னு உள்ளேர்ந்து என் ஊட்டுக்காரி.

பெரியவ சிரிச்சிட்டா. சிரிச்சிகினே மூலையில சின்னதா எழுதுனா, டைப்பு அடிச்ச மாரி. சின்னது வந்து படிச்சிது. "முதல்"னு படிச்சிட்டு, "அப்பால ஒண்ணும் இல்லியே"ன்னு செவுத்த தடவி தடவி பாத்துச்சி.

அப்புறம் ஒரு வாரத்துக்கு எங்க யாரையும் ரூமுக்குள்ள வுடல. தொறந்தப்போ செவுத்து இந்த கோடிலேர்ந்து அந்த கோடி வரைக்கும் கருப்பா ஒரு கோடு. கோட்டு மேல புள்ளி புள்ளியா. எங்கக்கா வெத்தலையோட வந்துச்சி.

"இன்னாடி இது, எறும்பு சாரி போவுதா?"

"ரயிலு லைனு அத்த. தோ, இந்த கோடி பீச்சு டேசன். வில்லிவாக்கம், கொரட்டூரு, பட்டரவாக்கம். அந்த பக்கம் ஆவடி, திருநின்றவூரு. கடைசில திருவள்ளூரு."

"இந்த வளையம்?"

"அதான் அம்பத்தூரு. நம்ம ஊடு."

வளையத்த சுத்தி மஞ்ச கலரு பூசி, டேசன் போர்டு மாரியே பேரும் எழுதி வெச்சிருந்தா. அக்கா மோவாய்ல கைய வெச்சிகிச்சி. "எரும கட்டுன எடத்த டேசன் ஆக்கிட்டாளே! சரிடி, உம் புருசன் ஊரு இதுல எங்க கீது?"

"இன்னும் டேசன் கட்டல அத்த."

எங்கக்கா சிரிச்ச சிரிப்புல வெத்தல சாறு பையன் செவுத்துல தெறிச்சிது. அவன் செவுத்துல மூணாவது கலரு அதான்.

ரெண்டு வருசம்னு அக்கா சொன்னுச்சி, அஞ்சு வருசத்துக்கு மேல ஆச்சி கல்யாணத்துக்கு. மாப்ள ஊரு அரக்கோணம். சொந்தமா லேத்து பட்டற. நல்ல புள்ள. ஆனிலதான் கல்யாணம் நடந்துச்சி, ஆடி பொறந்ததும் வழக்கப்படி பொண்ண அழைச்சிகினு வரணும். நானும் என் ஊட்டுக்காரியும் போயி ரயில்லயே கூட்டியாந்தோம். வழி பூரா ஜன்னல் ஓரமா குந்திகினு ஒவ்வொரு டேசன் போர்டயும் வாய்க்குள்ளயே படிச்சிகினு வந்தா.

ஊட்டுல பையன் அந்த ஒரு மாசத்துக்குள்ள ரூமயே வளைச்சி போட்டிருந்தான். கட்டில அவங்கக்கா செவுத்து பக்கம் இழுத்து போட்டு, வளையத்துல பேண்ட்டு சட்டையெல்லாம் மாட்டி வெச்சிருந்தான். பெரியவ பைய இன்னும் கீழ வெக்கல. வாசப்படியிலயே நின்னுகினு கேட்டா.

"யாருடா எங்க டேசன்ல பேண்ட்ட மாட்டுனது?"

பையன் தடால்னு எழுந்தான். மீச வந்த புள்ள, துணியெல்லாம் எடுத்துகினான், கட்டிலயும் இழுத்துகினான். எனுக்கு செவுத்துக்கு முன்னாடி போயி நிக்குற வேலயே வர்ல.

அவ பைய வெச்சா, தண்ணி குடிச்சா, பரண் மேலேர்ந்து கருப்பு கலரு டப்பாவ எறக்குனா. திருவள்ளூரோட அவ செவுரு முடிஞ்சி போச்சி இல்ல? அந்த மூலையில பிரசு வெச்சி, அப்டியே திருப்பி, தம்பி செவுத்துக்குள்ள கோட்ட இழுத்துகினு பூட்டா. கடம்பத்தூரு, மணவூரு, திருவாலங்காடு. அவன் ரெண்டு கலருக்கும் நட்ட நடுவுல பெருசா ஒரு புள்ளி, அரக்கோணம்.

"நைனா! இத பாரு நைனா, என் செவுரு! நான் முன்பதிவு போட்டுகீறேன்!"

தொட்டி மேல பலகைய போட்டு படிச்சிகினு இருந்த சின்னது எழுந்து போச்சி. இப்போ அதுக்கு எல்லா எழுத்தும் நல்லா தெரியும். பையன் எழுதுன மூலையில குனிஞ்சி நெதானமா படிச்சிட்டு திரும்புச்சி.

"உன்து போன வருசத்தோட முடிஞ்சி போச்சிண்ணா."

பையன் என்ன பாத்தான். எழுத்து தெரியாதவன்கிட்ட இன்னா ஞாயம் கேக்குறது? நான் காபிய ஆத்திகினு இருந்தேன். பெரியவ அரக்கோணத்த சுத்தி மஞ்ச பூசிகினு இருந்தா.